கல்லைக் காணக் கற்ற கண்

(கோயிற்கலை பயிலும் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையை ஒட்டி விரிந்துகிடக்கும் இப்பகுதியில், பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வீடுதோறும் விடை ஆயத்தமாக இருக்கிறது. மருத்துவமனைகள் நிறைந்த ஊர் ஆதலால் மருத்துவமும் செவிலியமும் ஒன்று, பொறியியல் மற்றொன்று, தோல் ஏற்றுமதி அலுவலகங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் இடம் பெற்றுத்தரும் வணிகவியல் இன்னொன்று. இவற்றினிடையே ஒரு பிள்ளை, "நான் கலை வரலாறு படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தந்தையார் கேட்கும் முதற்கேள்வி, "அதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்பதே. கேள்வியில் குற்றமில்லை. பச்சைத் தோலின் நாற்றத்திலும் சுண்ணாம்புத் தொட்டியின் காரத்திலும் நின்று உழைத்து, அந்தக் கூலியில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒருவர்க்கு அதனைக் கேட்கும் முழு உரிமை உண்டு. ஆகவே மழுப்பாமல் விடை சொல்வதே முறை.

தொல்லியல் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் பணியிடங்கள் சிலவே. கலை வரலாறு பயின்ற அனைவரும் அங்கே அமர்ந்துவிட முடியாது. ஆனால் அக்கல்வி பயின்றவரிடம் ஒரு பயிற்சி தங்குகிறது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை உள்ளவாறு பார்த்தல், பார்த்ததைப் பிறர்க்கு விளங்கும்படி சொல்லுதல், தாம் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துவைத்தல் ஆகியவையே அப்பயிற்சி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

இப்பகுதி மக்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. தோலைத் தரம் பிரிக்கும் முதியவர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் தோலை விரித்து, மேற்புறத்தை ஒருமுறை கண்ணால் மேய்வார், கையால் தடவுவார், திருப்பி உட்புறத்தைப் பார்ப்பார். முள் கீறிய வடு எது, உண்ணி கடித்த புள்ளி எது, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எது, பதனிடும்போது நேர்ந்த கறை எது என்று சில நொடிகளில் சொல்லிவிடுவார். மற்றவர்க்கு அது ஒரு தோல். அவர்க்கு அது அந்த விலங்கின் வாழ்க்கை வரலாறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த கண் அது. அந்தக் கண்ணைக் கல்லின்மேலும் செம்பின்மேலும் சுதையின்மேலும் செலுத்தக் கற்பதே கலை வரலாறு என்று சொன்னால், ஆம்பூரில் யாருக்கும் விளங்காமற் போகாது.

தோலுக்கும் திருக்கோயிலுக்கும் என்ன தொடர்பு என்று நினைப்போரும் இருக்கலாம். திருநாளைப்போவார் என்னும் நந்தனார், சிவாலயங்களின் பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு செய்தவர் என்பதைப் பெரிய புராணம் பதிவு செய்திருக்கிறது. கோயிலுக்குள் எழும் நாதத்திற்குத் தோல் தந்த அந்தப் பெருமகனார், கோயிலுக்கு வெளியே நின்று தொழவேண்டியிருந்ததும் அவ்வரலாற்றின் பகுதியே. மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி வேலூர்க் கோட்டைக்குள் நுழைவோம். அகழியைக் கடந்து, தெற்கு நோக்கிய ஏழுநிலைக் கோபுரத்தின் வழியே அருள்மிகு ஜலகண்டேசுவரர் திருக்கோயிலுக்குள் காலடி வைத்தால், இடப்புறம் வெளிச்சுற்றில் கல்யாண மண்டபம் காட்சி தருகிறது. திருவிழாவுக்கு வருவோர் பெரும்பாலோர் மூலவரை நோக்கி விரைகின்றனர். பக்திக்கு அவ்விரைவு இயல்பே. ஆனால் திரும்பி வருகையில் அரைமணி நேரம் அம்மண்டபத்தின் முன் நிற்பவர்க்கு வேறொரு பேறு கிட்டும். முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், அவற்றின்மேல் வீரர், யாளிகள், அவற்றின் காலடியில் போரும் வேட்டையும், இவை அனைத்தும் தூணோடு தூணாக ஒரே கல்லில் எழுந்து நிற்கின்றன. விதானத்தை அண்ணாந்து பார்த்தால் நடுவே தாமரையும், அதனைச் சூழ்ந்து கிளிகளும் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் தமது நூலில் இக்கோயிலின் தூணுக்குத் தனியிடம் தந்தார்.

கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் மாணவரை இங்கே அழைத்து வந்தால், முதலில் "இது என்ன?" என்று கேட்கமாட்டார். "என்ன காண்கிறாய்?" என்றே கேட்பார். மாணவர் உடனே, "அழகான சிற்பம்" என்பார். அது விடையன்று. "குதிரை" என்பார். சற்றே தேவலை. குதிரையின் எந்தக் கால்கள் தரையில் உள்ளன? வீரன் இடப்புறம் பார்க்கிறானா, வலப்புறமா? கையில் இருப்பது ஈட்டியா, வாளா? கீழே இருப்பவன் குதிரைக்குத் துணையா, எதிரியா? எந்தப் பகுதி உடைந்துள்ளது? உடைவு புதியதா, பழையதா? இவ்வாறு ஒரு தூணுக்கு ஒரு பக்கம் எழுதுமாறு பணிப்பார். எழுதத் தொடங்கியபின்புதான் தாம் இதுவரை எதனையும் பார்க்கவில்லை என்பது மாணவர்க்குத் தெரியவரும். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பத்துமுறை தூணிடம் திரும்பி வரவேண்டியிருக்கும். அந்தப் பத்து நடையில்தான் கல்வி இருக்கிறது.

பார்த்தலுக்கு அடுத்தபடி ஒப்பிடுதல். இதற்குத் தமிழகக் கோயிற்கலை ஆராய்ச்சியிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றிய ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர், தென்னிந்தியத் தொல்லியல் குறித்து 1914ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். கோயில்களின் காலத்தை அரசர் பெயரைக் கொண்டு மட்டும் கணிக்காமல், உறுப்புகளின் வடிவ வளர்ச்சியைக் கொண்டு கணிக்கலாம் என்று காட்டியவர் அவர். உறுப்புகளின் பெயரை அறிய, அந்நாளில் திருப்பணி செய்துகொண்டிருந்த நம் சிற்பிகளையே அவர் நாடினார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. அவர் நுணுகி நோக்கிய உறுப்புகளுள் ஒன்று போதிகை. தூணின் தலைக்கும் மேலே உள்ள உத்தரத்திற்கும் இடையே, இரு கைகளை நீட்டிப் பாரம் தாங்குவதுபோல் அமைந்த கல் அது. கோயிலுக்கு நாள்தோறும் வருவோருள் அதனை ஒருமுறையேனும் உற்றுநோக்கியவர் எத்தனை பேர்?

பல்லவர் குடைவரைகளில் போதிகை பெரும்பாலும் வளைந்த விளிம்போடு, அலைவரிகள் கொண்டு காணப்படும். சோழர் காலத்தில் அவ்விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டு, நடுவே ஒரு முனைப்பு நீண்டு நிற்கும். பிற்காலத்தில் அம்முனைப்பு வளர்ந்து, வளைந்து, விஜயநகர வேந்தர் காலத்தில் கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டாக மலர்ந்துவிடும். ஒரு வாழைப்பூவைத் தலைகீழாகத் தொங்கவிட்டாற்போல் இருக்கும் அதனைப் பெரும்பாலான கோயில்களில் யாரும் காணலாம். இந்த வளர்ச்சியைப் படிக்க நெடுந்தொலைவு செல்லவேண்டிய தேவை இப்பகுதி மாணவர்க்கு இல்லை. இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு தனிப்பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது. பொன்னையாற்றங்கரையில் மேல்பாடியில், ஆற்றூரில் துஞ்சிய தம் பாட்டனார் அரிஞ்சயருக்காக முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் விஜயநகரக் காலக் கலை இருக்கிறது. இவை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கல்வி ஒரு பேருந்துப் பயணத்தில் அடங்குகிறது.

ஆயினும் போதிகையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. பழுது நீக்கியபோது பழைய பாணியிலேயே புதுக்கல் செதுக்கிப் பொருத்தியிருக்கலாம். சிதைந்த கோயிலின் தூணை வேறிடத்திற்குக் கொண்டுவந்து நட்டிருக்கலாம். ஆதலால் போதிகை சொல்வதைக் கல்வெட்டும், கல்வெட்டு சொல்வதைக் கட்டடமும் உறுதி செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுமை வேண்டும். ஒரே சான்றைக் கொண்டு துள்ளாத அப்பொறுமை, நீதிமன்றத்தில் இருப்பவர்க்கும் கணக்குத் தணிக்கை செய்பவர்க்கும் செய்தியாளர்க்கும் எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

காலணித் தொழிலில் வளர்ந்த பிள்ளைகள் மிக எளிதாகப் பற்றிக்கொள்ளும் ஒரு பாடமும் திருவுருவக் கலையில் உண்டு. சிவபெருமானின் திருவுருவங்களுள் பலவற்றில் திருவடிகள் வெறுமையாகவே இருக்கும். ஆனால் பலி தேரும் பெருமானாகிய பிட்சாடனர் திருவடிகளில் பாதுகை அணிந்து காட்சி தருவார். அருகே மானும், கையில் கபாலமும், திருவடியில் பாதுகையும் கண்டால் அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். கண்ணப்ப நாயனாரோ வேடர் கோலத்தில் செருப்பணிந்த காலைத் தூக்கி இறைவன் திருக்கண் இருக்கும் இடத்தில் ஊன்றி, தம் கண்ணை அம்பால் அகழும் நிலையில் சிற்பங்களில் அமைக்கப்படுவார். விஜயநகரக் காலத் தூண்களில் அவரை அடிக்கடி காணலாம். அந்தச் செருப்பின் வாரைச் சிற்பி எவ்வாறு காட்டியிருக்கிறார், குதிகாலில் கட்டு உண்டா, விரலிடையே கோர்ப்பு உண்டா என்று கேட்கத் தோன்றும் மாணவர், மற்ற ஊர் மாணவரைக் காட்டிலும் ஒருபடி முன்னால் நிற்கிறார். காலணி வடிவமைப்புப் பயில்வோர் இதனை ஏட்டில் வரைந்து வைத்துக்கொண்டால் தொழிலுக்கும் ஆகும்.

கல்வெட்டுப் பக்கம் திரும்பினால், இத்திருத்தலத்து இறைவன் திருப்பெயரிலேயே ஓர் ஆய்வுக்கு இடமிருக்கிறது. விஜயநகர மன்னர் சதாசிவராயர் காலத்தில், சக ஆண்டு 1488இல், அதாவது 1566ஆம் ஆண்டையொட்டி, சின்ன பொம்மு நாயக்கர் வழியே இக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் இச்சுற்றுவட்டாரத்தில் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அவற்றைப் பதிப்பித்தவர் ஹூல்ஷ் என்னும் செருமானிய அறிஞர். அவற்றில் இறைவன் பெயர் ஜ்வரகண்டேசுவரர் என்று காணப்படுகிறது. ஜ்வரம் என்பது காய்ச்சல். அதனைத் துணிப்பவர் என்று பொருள். நீர் சூழ்ந்த கோட்டைக்குள் எழுந்தருளியிருப்பதால் ஜலத்தோடு சேர்த்து மக்கள் வழங்கும் பெயரும் மனத்துக்கு இசைந்ததே. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. கல்வெட்டு எழுதிய காலத்தில் ஒரு பெயர், மக்கள் நாவில் பின்னர் ஒரு பெயர் என்று காலவரிசையில் வைத்துப் பார்ப்பதே கலை வரலாறு தரும் ஒழுங்கு. நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் நாடிவரும் இவ்வூரின் இறைவனுக்குக் காய்ச்சல் தீர்ப்பவர் என்ற பழம்பெயர் இருந்தது என்பது அடியார்க்கு இனிக்கும் செய்தியன்றோ! இதே சின்ன பொம்ம நாயக்கர்தாம் அப்பைய தீட்சிதரை ஆதரித்து, அவருடைய சிவார்க்கமணி தீபிகை என்னும் நூலுக்காகக் கனகாபிடேகம் செய்தவர்.

சொல்லை உள்ளவாறு படிப்பதன் அருமைக்கு விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு தக்க சான்று. இரண்டாம் தேவராயர் காலத்தில், சக ஆண்டு 1347இல், படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பிரிவினர் அதில் இடம்பெறுகின்றனர். இனித் தம் குலத்தில் திருமணம் கன்னியாதானமாகவே நடைபெற வேண்டும் என்பது அதன் முடிவு. மேடைகளில் இதனை வரதட்சிணை ஒழிப்புக் கல்வெட்டு என்று முழங்குவோர் பலர். ஆனால் கல்வெட்டைப் படித்தால், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கு உள்ளாவர், குலத்தினின்றும் விலக்கப்படுவர் என்றே இருக்கிறது. அதாவது அக்காலத்தில் பொன் சென்ற திசை வேறு. மணமகன் வீட்டிலிருந்து மணமகள் வீட்டிற்கு. இன்றைய தீமையை ஒழிக்கும் ஆர்வத்தில் அன்றைய எழுத்தைத் திருப்பிப் படித்துவிட்டனர். நோக்கம் நல்லதே. ஆனாலும் கல்லில் இல்லாததைக் கல்லின்மேல் ஏற்றலாகாது. இருப்பதை இருப்பதாகச் சொன்னாலும் அக்கல்வெட்டின் பெருமை குறையாது. திருமணத்தில் பொன் பேரம் பேசுவதை ஒரு சமுதாயமே கூடித் தடுத்த செய்தி அதில் இருக்கத்தான் செய்கிறது.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டியது செவிவழிச் செய்தியை எவ்வாறு கையாள்வது என்பது. வேலூர்க் கல்யாண மண்டபத்தின் அழகில் மயங்கிய ஆங்கிலேயர், அதனைக் கல்கல்லாகப் பிரித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணினர் என்றும், அதற்கென வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. வழிகாட்டிகள் உணர்ச்சி பொங்கச் சொல்வர். கேட்கும் மாணவர் புறக்கணிக்கவும் வேண்டாம், அப்படியே ஏட்டில் எழுதவும் வேண்டாம். இதனை முதலில் எழுதியவர் யார்? எந்த ஆண்டில்? கப்பலின் பெயர் என்ன? துறைமுகப் பதிவு உண்டா? இவ்வினாக்களைக் குறித்துக்கொண்டு, கதையின் தலையில் "என்று கூறுவர்" என்று எழுதினால் போதும். "என்று கூறுவர்" என்ற இரண்டு சொல்லை உரிய இடத்தில் இடத் தெரிந்தவர் எந்தத் துறையிலும் நம்பத்தக்கவர்.

மருத்துவ நகரத்துப் பெற்றோர்க்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவரை ஓவியக் கூடத்திற்கு அழைத்துச் சென்று, ஓவியங்களின் முன் நிறுத்தி, காண்பதை மட்டும் விரித்துரைக்கப் பழக்கினர். அப்பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் தோற்றத்தில் உள்ள அறிகுறிகளைக் கண்டு சொல்வதில் மற்றவரைவிட முன்னேறியிருந்தனர் என்ற ஆய்வு முடிவு 2001ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அங்கே அவர்கள் பயன்படுத்தியது பிரிட்டிஷ் ஓவியங்களை. மருத்துவமனைகளுக்கு இவ்வளவு அருகே, ஒரு கோட்டைக்குள் மண்டபம் நிறையச் சிற்பங்களை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் வேலூர்.

இவ்வளவும் மாணவரின் தனிப்பட்ட நலன் பற்றியவை. ஆனால் இக்கல்வி இல்லையேல் எதனை இழக்க நேரும் என்பதும் தெரிய வேண்டும். அதற்குப் பாலாற்றங்கரையை விட்டுச் சற்றே காவிரி நாட்டுப் பக்கம் செல்லவேண்டும்.

திருவாரூர் மாவட்டத்தில் இன்று அமைந்திருக்கும் பத்தூரில், சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி திருக்கோயில் வளாகத்தில் 1976ஆம் ஆண்டு மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. அவற்றுள் நடராசர் திருமேனி கைமாறிக் கைமாறி 1982இல் இலண்டனை அடைந்தது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று விலைகொடுத்து வாங்கியது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. வழக்கு மன்றத்தில் எழுந்த வினா ஒன்றே: இந்த நடராசர்தாம் பத்தூர் நடராசர் என்பதற்கு என்ன சான்று? புதைந்து கிடந்த திருமேனிக்கு ஏது புகைப்படம்? ஏது பதிவேடு?

அங்கேதான் கலை வரலாற்றுக் கண் துணைநின்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் முதல் இயக்குநராகப் பணியாற்றிய இரா. நாகசாமி அவர்கள் இலண்டன் சென்று சாட்சியம் அளித்தார். பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு நடராசர் திருமேனியை ஒப்பிட்டு, அவை ஒரு குழுவைச் சேர்ந்தவை என்று நிறுவ வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பில் நின்ற அறிஞரும் வேறுபாடுகளைச் சுட்டினார். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் விட்டுச்சென்ற தடமும்கூட ஆராயப்பட்டன. அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! "எங்கள் சாமி" என்ற உணர்ச்சி அம்மன்றத்தில் செல்லாது. எந்த உறுப்பு எதனோடு ஒக்கிறது, எந்த வளைவு எதனின்றும் வேறுபடுகிறது என்று குறுக்கு விசாரணைக்கு நடுவே, பிறமொழியில், தடுமாறாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சார்பாக வந்தது. மேல்முறையீடும் தள்ளுபடியாகி, 1991இல் பெருமான் தமிழகம் திரும்பினார். இடிந்து கிடந்த கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்பதை அயல்நாட்டு நீதிமன்றம் ஏற்றதும் அவ்வழக்கிலேதான்.

பின்னர் வந்த ஸ்ரீபுரந்தான் நடராசர் செய்தியில் புகைப்படம் உதவியது. அரியலூர் மாவட்டத்து அக்கோயிலிலிருந்து களவுபோன திருமேனியை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியிருந்தது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்தோறும் சென்று எடுத்துவைத்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டதில் உண்மை வெளிப்பட்டது. 2014இல் அத்திருமேனி தாயகம் திரும்பியது. படம் எடுத்தவர்கள் களவை எதிர்பார்த்து எடுக்கவில்லை. கண்டதைப் பதிந்து வைத்தனர், அவ்வளவே.

பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம். களவுக்கு அஞ்சுவோர் பலர். அறியாமைக்கு அஞ்சுவோர் சிலர். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருப்பணியிலேயே கல்வெட்டு அழிந்த இடங்கள் தமிழகத்தில் பல உண்டு. கற்சுவரின் அழுக்கை நீக்க மணலை வேகமாக வீசியடித்ததில் எழுத்தின் விளிம்பு மழுங்கியது; சிற்பத்தின் முகம் தேய்ந்தது. அடுக்கடுக்காகப் பூசிய வண்ணத்தில் நுண்வேலை மறைந்தது. குடமுழுக்குக்கு நாள் குறித்தபின் வேலை விரைவாக முடிய வேண்டும் என்ற அவசரத்தில், பழைய கல்லைப் பெயர்த்துப் பளபளக்கும் தரைக்கல் பதித்தனர். இவர்களுள் ஒருவரும் கோயிலைக் கெடுக்க எண்ணியவர் அல்லர். கண் பழகாதவர்கள், அவ்வளவே. 2021ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது குறித்து எழுபத்தைந்து நெறிமுறைகளை வழங்கியது. நெறிமுறை தாளில் இருக்கும்; வேலை நடக்கும் இடத்தில், "ஐயா, இந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்" என்று சொல்ல ஊரில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

அப்பிள்ளை காக்கவேண்டியவை கோபுரம் உள்ள கோயில்கள் மட்டும் அல்ல. ஆம்பூரில் கிடைத்த நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தவை. 9ஆம் நூற்றாண்டில் ஆநிரை கவர வந்தோரை எதிர்த்து உயிர்விட்ட வீரரை நினைவுகூர்பவை. இன்று தோலுக்குப் பெயர்பெற்ற ஊர், அன்று மாட்டுக்காக உயிர்கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்து வைத்தது! ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டு அருகே அர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் சமண ஓவியங்கள் உள்ளன. சித்தன்னவாசலோடு ஒப்பிட்டுப் பேசத்தக்க அவ்வோவியங்கள் பெரிதும் சிதைந்துவிட்டன. எஞ்சிய நிறத்துணுக்கைத் தொடாமல் நின்று பார்க்கவும், பார்த்ததை வரைந்து வைக்கவும் தெரிந்தவர் அருகிலுள்ள ஊர்களிலேயே இருப்பது நல்லது.

வேலூர்க் கோயிலில் வழிபாடு நின்று போயிருந்த காலம் நீண்டது. இறைவன் திருமேனி சத்துவாச்சாரியில் வைத்துக் காக்கப்பட்டு, 1981ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளியது. தீபம் இல்லாத அந்நாட்களிலும் கோயிலைத் தேடி வந்தோர் உண்டு. அளவெடுத்தும் வரைந்தும் எழுதியும் சென்ற கலை ஆய்வாளர்கள் அவர்கள். அவர்களுள் பலர் வேற்று நாட்டினர், வேற்றுச் சமயத்தினர். அவர்கள் எழுதிவைத்ததை இவ்வூர்ப் பிள்ளைகள் தமிழில் படித்து, பிழை இருப்பின் திருத்தி, விட்டுப்போனதைச் சேர்க்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

தொடங்க விரும்பும் மாணவர் கட்டணம் ஏதும் கட்டவேண்டியதில்லை. ஒரு கோடிட்ட ஏடு, ஒரு பென்சில், ஒரு நாடா போதும். வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய விரிஞ்சிபுரத்திற்கு ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே செல்க. மதிலழகு என்றால் விரிஞ்சை என்று பழமொழியே உண்டு. மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்து, கல் அடுக்கிய முறையைப் பார்க்க. கல்வெட்டுகளின்மேல் வெயில் சாய்வாக விழும் காலைப் பொழுதில் எழுத்துகள் நிழல் பெற்றுத் தெளிவாகத் தெரியும். அவற்றின்மேல் சுண்ணாம்போ மாவோ தடவலாகாது. சிங்கத்தின் வாய்வழியே படியிறங்கும் தீர்த்தத்தில் சிங்கத்தின் பல்லையும் பிடரியையும் வரைந்து பார்க்க. பிறகு உட்சுற்றில் தென்புறம் உள்ள நேரங்காட்டும் கல்லிடம் வருக. அரைவட்டமாக எண்கள் வெட்டிய அக்கல்லின் மேலுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறது என்று குறித்துக்கொள்க. கைக்கடிகாரத்தின் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுக. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், எத்தனை நிமிடம் என்பதையும், அன்றைய தேதியையும் மறவாமல் எழுதிவைக்க வேண்டும்.